போர்த் மோரனுக்கு ஆதாரம் இல்லை

ஓர் இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்கு யார் சாட்சி? அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கும் வாயா, அல்லது என்றோ ஒருவர் அதை எழுதிவைத்த தாளா?

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில், லண்டனில், ஒரு திங்கட்கிழமைக் காலையில் அது என்னிடம் கேட்கப்பட்டது. அப்போது நான் கையில் ஒரு மெல்லிய கத்தியுடன் கண்ணாடி மேசையொன்றின் மீது குனிந்திருந்தேன். கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

மேசைக்கு அடியில் குழல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேலே விரித்திருந்த ஒளிபுகும் படலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அத்திலாந்திக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோர்ன்வால் கடற்கரையின் ஒரு துண்டு கறுப்பு மையில் வரையப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் வரைபடத்துக்குரிய பெயர்கள், பின்புறம் மெழுகு பூசிய மெல்லிய பட்டிகளில் அச்சாகி வரும். நாங்கள் அவற்றை வெட்டி, உரிய இடத்தில் வைத்து, எலும்புக் கரண்டி போன்ற ஒரு கருவியால் தேய்த்து ஒட்டுவோம். பிழை என்று தெரிந்தால் கத்தியின் நுனியை ஓரத்தில் செருகிக் கிளப்புவோம்.

அன்று காலை நான் கிளப்பிய முதற் பெயர் ‘போர்த் மோரன்’. அது கத்தியின் முனையில் காய்ந்த வெங்காயத் தோல்போலச் சுருண்டது. எனக்குப் பின்னால் இரண்டு கோப்பை தேநீருடன் டென்சில் நின்றுகொண்டிருந்தார். அது அவர் பிறந்த இடத்தின் பெயர்.

இங்கிலாந்துக்குப் பக்கத்து நாடு

நடைப்பயணிகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் வரைபடங்கள் அச்சிடும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்தேன். பெயர்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. டென்சில் அங்கே மூத்த வரைஞர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல்கள் தடித்தவை. ஆனால் தலைமுடி அளவு கோட்டை நடுக்கமின்றி இழுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, “வாரும், மை லவர், உதில இரும்” என்றார். (அவர் பேசியது ஆங்கிலந்தான். ஆனால் எங்கள் பேச்சில்தான் அது என் நினைவில் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.) நான் கதிரையின் நுனியில் அமர்ந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய ஊரில் கடைக்காரர், பஸ் நடத்துநர், பாதிரியார் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்களாம். தபால்காரனையும் அவர் அப்படி அழைத்ததைக் காதால் கேட்ட பிறகே கைப்பையை நிலத்தில் வைத்தேன்.

“நீங்கள் இங்கிலாந்தில் எந்தப் பகுதி?” என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

“இங்கிலாந்தில இல்லை. இங்கிலாந்துக்குப் பக்கத்தில,” என்றார். பென்சிலால் ஒரு கடுதாசியில் வரைந்து காட்டினார். மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கத்தில் டேமார் என்றொரு ஆறு, வடகரைக்கு அருகே ஊற்றெடுத்துத் தென்கடல்வரை ஓடி, அந்த நிலத்தை ஏறக்குறைய அறுத்துவிடுகிறது. “இந்தக் கொஞ்ச மைல்தான் ஒட்டிக்கொண்டிருக்கு. கடவுள் வெட்ட மறந்துபோனார்.”

நான் ஒரு குடாநாட்டிலிருந்து வந்தவள். ஒடுங்கிய நிலத்துண்டொன்று ஒரு சனத்தின் மனதில் என்ன செய்யும் என்பதை அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கு ஒரு மொழி இருந்தது. வேல்ஸ் மொழிக்கும் பிரான்சின் பிரெத்தோன் மொழிக்கும் உறவானது. மக்கள் அதை வீட்டில் பேசுவதை நிறுத்தி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. டென்சிலுக்கும் அதில் ஒரு வசனங்கூடச் சொல்லத் தெரியாது. ஆனால் ஊர்ப்பெயர்களில் அது கிடந்தது. ‘போர்த்’ என்றால் துறை. ‘பென்’ என்றால் முனை. ‘ட்ரே’ என்றால் குடியிருப்பு. ‘மோரன்’ என்றால் குமரி. பருத்தித்துறையும் சங்குப்பிட்டியும் வழியில் வருகிற பஸ்ஸில் வளர்ந்த எனக்கு, அவருடைய கடற்கரையின் பெயர்களைப் படிப்பது அந்நியமாக இருக்கவில்லை. ‘போர்த் மோரன்’ என்பதை நான் எனக்குள் ‘குமரித்துறை’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.

லண்டனில் அந்த மொழியைப் புத்தகத்திலிருந்து கற்கும் ஒரு மாலை வகுப்பு இருந்தது. டென்சில் ஒரே ஒரு நாள் போய்விட்டு வந்தார்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“வடிவாக் கதைக்கினம். ஒரு டாக்டர், இரண்டு வாத்திமார். ஆனா ஒருத்தருக்கும் எங்கட கல்லுகளைத் தெரியாது.”

சப்பாத்துப் பெட்டி

கல்லுகள் என்று அவர் சொன்னது கடலுக்குள்ளும் கரையோரத்திலும் கிடக்கும் பாறைகளை. அவருடைய துறையின் பெயரையும் சேர்த்து, ஒன்றரை மைலுக்குள் நாற்பத்தொரு பெயர்கள். கரெக் லூஸ், சாம்பல் நிறப் பாறை. கார்ன் டூ, கறுப்புக் கற்குவியல். மீனவர்கள் இந்த இரண்டையும் ஒரே கோட்டில் கண்டால் வலை இறக்குவார்களாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு அட்டை எழுதி, ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றை அவருக்குச் சொன்னவர்கள் தாயும் மாமன்மாரும். அவர்களில் அப்போது ஒருவரும் இல்லை. அந்தப் பெயர்கள் முழுவதும் தெரிந்தவராகத் துறையில் எஞ்சியிருந்தவர் அவருடைய அக்கா ரோஸ் ஒருத்திதான்.

பழைய வரைபடங்கள் எதிலும் அந்தக் கரைக்குப் பெயரில்லை. அளக்க வந்தவர்கள் நிலச் சொந்தக்காரரின் கணக்கப்பிள்ளையைக் கேட்டார்கள், மீனவர் வீடுகளின் கதவைத் தட்டவில்லை என்பது டென்சிலின் கட்சி. அதனால் எங்கள் நிறுவனம் கோர்ன்வால் கரைக்குப் புதிய தாள் ஒன்று வெளியிடுகிறது என்று அறிந்தபோது அவருடைய நடையே மாறிப்போனது. நாற்பத்தொரு பெயரையும் தன் செலவில் அச்சடித்து, சரிபார்ப்பு முடியுமுன்னரே படலத்தில் ஒட்டிவிட்டார். அது அவருடைய முப்பது வருட வேலையில் ஒழுங்கை மீறிய முதல் செயல். சரிபார்ப்பவள் நான் என்பதால் அவர் கவலைப்படவில்லை.

ஒழுங்கு இதுதான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பச்சை அட்டை. அதில் பெயரைக் கொடுத்தவரின் சுருக்கொப்பம் ஒன்று. சரிபார்த்தவரின் சுருக்கொப்பம் இன்னொன்று. இடையில் ‘எழுத்து ஆதாரம்’ என்றொரு கட்டம். முன்பொரு காலத்தில் யாரோ ஒரு குறும்பன் தன் நாயின் பெயரை ஒரு குன்றுக்கு வைத்துவிட, அது இரண்டு பதிப்புகளில் வெளிவந்து நிறுவனம் சிரிப்புக்கு இடமானதாம். நியாயமான ஒழுங்குதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கிங்ஸ்பரியில் ஒரு சனிக்கிழமை

அந்த மாதங்களில் என் சனிக்கிழமைகள் வேறொரு வரைபடத்துக்குரியவை.

லண்டனின் கிங்ஸ்பரியில் என் அண்ணையின் வீட்டு முன்னறையில் கதிரைகளை நடைபாதைக்குத் தள்ளிவிட்டு, எங்கள் பகுதியின் பெரிதாக்கிய வரைபடம் ஒன்றை நிலத்தில் விரிப்போம். ஒரு தேவாலய மண்டபத்தில் கண்காட்சி வைத்து, கவுன்சில்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்து, நாங்கள் எங்கிருந்து துரத்தப்பட்டோம் என்று காட்டுவது நோக்கம். அங்கே அரசு ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொண்டிருந்த காலம். பழைய பெயர்களை ஒன்றும் தவறாமல் எழுத வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். சாக்ஸ் போட்ட கால்களோடு முழங்காலில் நின்று, ஏழெட்டுப் பேர் ஊர்களைத் தேடுவோம்.

ஒரு சனிக்கிழமை பிளேஸ்டோவிலிருந்து சூசை அண்ணை வந்தார். ஊரில் கடற்றொழில் செய்தவர். இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். கைகளில் சவர்க்காரப் புண் மாறாது. அவர் வரைபடத்தின் நீலப் பகுதியில் விரலை வைத்து, கரையிலிருந்து வெளியே வெளியே போய், கல்லுகளுக்கும் திட்டிகளுக்கும் பதினாறு பெயர் சொன்னார்.

பெற்றோல் நிலையத்து ஷிப்ட் முடிந்து வந்திருந்த அண்ணை பேனாவை மூடினார். “சூசையண்ணை, உந்தப் பெயருகள் எதிலயாவது எழுதியிருக்கோ?”

“கடலில எழுதினா நிக்குமே தம்பி?”

“பகிடி விடாதேங்கோ. நாளைக்கு ஒருத்தன் வந்து ஆதாரம் கேட்டா நாங்கள் என்னத்தைக் காட்டுறது?”

“என்னைக் காட்டுங்கோ. சனி மத்தியானம் எனக்கு லீவுதான்.”

சிரித்தார்கள். ஆனால் மூலையிலிருந்து வேறொரு குரல், “கடலுக்கை கிடக்கிற கல்லுக்கெல்லாம் பெயர் போட வெளிக்கிட்டா ஊருகளுக்கு இடம் காணாது. அவையின்ர கரைக்கு இவ்வளவு பெயர் வேணுமே?” என்றது.

‘அவை’ என்றால் யார் என்பதை அந்த அறையில் எவரும் விளக்கவில்லை. சாதி என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. சூசை அண்ணை விரலை நீலத்திலிருந்து எடுத்துக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. அந்தக் கரையிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் பிறந்து வளர்ந்து, பட்டமும் பெற்ற எனக்கு, அந்தப் பதினாறில் ஒரு பெயரும் தெரிந்திருக்கவில்லை.

எழுந்து நின்று சொன்னேன்: “சொல்லுற ஆள் முன்னால இருக்கேக்கை எழுத்தைக் கேக்கிறது, அந்த ஆளே இல்லையெண்டு சொல்லுறதுதான். எங்கட நிலத்தை அளக்க வந்தவன் எங்களுக்குச் செய்ததை நாங்கள் சூசையண்ணைக்குச் செய்யப்போறமோ?”

அண்ணை பேனாவைத் திறந்தார். பதினாறு பெயரும் வரைபடத்தில் ஏறின.

“பிள்ளை நல்லாக் கதைக்குது,” என்றார் சூசை அண்ணை. அதன் பிறகு என்னை மேடைகளுக்கு அழைத்தார்கள். பிளேஸ்டோவில் பேசினேன், சவுத்தாலில் பேசினேன். கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

தொலைபேசியில் ரோஸ்

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை, டென்சில் பச்சை அட்டைகளின் கட்டை என் மேசையில் வைத்தார். நாற்பத்தொன்றிலும் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. நடுக் கட்டம் வெறுமை.

“எழுத்து ஆதாரம்?” என்றேன்.

“இல்லை எண்டு உமக்குத் தெரியும். அக்காவோட கதையும். கேட்டிட்டுப் போடும்.”

மத்தியான இடைவேளையில் அலுவலகத் தொலைபேசியில் ரோஸை அழைத்துக் கொடுத்தார். கடற்பறவைகளின் சத்தம் கேட்டது; யன்னல் திறந்திருக்க வேண்டும். கிழவி பாடம் ஒப்புவிப்பதுபோல் சொல்லவில்லை. ஏதோ அடுப்பு வேலையில் இருந்தபடி, மேற்கிலிருந்து கிழக்காக, அயலவரைப் பற்றிச் சொல்வதுபோல் ஒவ்வொரு பாறையாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை.

“இந்தப் பெயர்களை நீங்கள் இப்போதும் பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டேன். சரிபார்ப்பவளின் கேள்வி.

“கரெக் லூஸுக்கு அங்கால நீந்தாதை எண்டு பிள்ளையளுக்குச் சொல்லவேணுமெல்லே? வேறை எப்பிடிச் சொல்லுறது, மை லவர்?”

அறிவு சார்ந்த ஐயம் எனக்கு அந்த நிமிடத்துக்குப் பிறகு இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பின்னாளில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்களில், ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை’ என்பதும் ஒன்று. அது பொய்.

இரண்டு கடிதங்கள்

வெள்ளிக்கிழமை முகாமையாளர் மிஸ்டர் ஆஷ் என்னை அழைத்தார். கனிவான மனிதர். எவருக்கும் குரலை உயர்த்தமாட்டார்.

“இந்த அட்டைகளில் நடுக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.”

“அவருடைய சகோதரி சொன்னதை நானே கேட்டேன்.”

“நல்லது. ஆனால் நாளை ஒருவர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினால், உங்கள் காதை உறையில் வைத்து அனுப்பவா?” என்று சிரித்தார். “நான் தடுக்கவில்லை. நீங்கள் சுருக்கொப்பம் இட்டால் அச்சுக்குப் போகும். பொறுப்பு உங்களுடையது.”

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வழவழப்பான கையேடு ஒன்றை எடுத்தார். லண்டன்காரர் ஒருவர் அந்தத் துறையின் மேலே இருந்த வீடுகளை வாங்கி ஹோட்டலாக்கியிருந்தார். கையேட்டில் கடலைக் காட்டி, ‘ஸ்மக்ளர்ஸ் கோவ்’ என்று அச்சிட்டிருந்தது. கடத்தல்காரர் குடா. பயணிகளைக் கவர அந்த ஹோட்டல்காரரே வைத்த பெயர். மூன்று வருட வயதுகூட இல்லை.

“குறைந்தது, இதற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது,” என்றார் மிஸ்டர் ஆஷ்.

நான் கதவருகே போனபோது, வேறொரு விடயமாகத்தான் சொன்னார்: “உங்கள் விசா நீடிப்புக்கான கடிதத்தை அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன். மறந்துவிடவில்லை.”

அந்த இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. போட்டவள் நான். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அந்த வருடக் கோடைக்குள் நான் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அப்போது எங்கே திரும்பிப் போவது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். ‘கவனமான ஊழியர், ஒழுங்கு தவறாதவர்’ என்று அவர் எழுதுவார். அந்த வாரத்திலேயே நான் ஒழுங்கை மீறி நாற்பத்தொரு அட்டைகளில் ஒப்பமிட்டால் அந்த வரியை எப்படி எழுதுவார்? எழுதியிருப்பார் என்றே இன்று நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையிடம் சொன்னேன். அவர் கோழியை வெட்டிக்கொண்டிருந்தார்.

“அவன்ர ஊரில ஷெல் விழுதோ?” என்றார்.

“இல்லை.”

“ஆமி நிக்குதோ?”

“இல்லை, ஆனா...”

“அப்ப என்ன ஆனா? அவனுக்குப் போறது கல்லின்ர பெயர். உனக்குப் போறது விசா. நீ இப்ப கேக்கப்போறாய், சனிக்கிழமை சூசையண்ணைக்கு ஒரு சட்டம், திங்கட்கிழமை வெள்ளைக்காரனுக்கு வேறை சட்டமோ எண்டு. ஓம், வேறைதான். அவன் எங்களை ஆண்டவன்.”

“அவர் ஆளேல்லை, அண்ணை. அவற்ற ஆக்கள் மீன் பிடிச்சவை.”

“சரி, உன்ர மேடையில போய்ச் சொல்லு,” என்று கத்தியைக் கழுவினார். “விசா வரட்டும். பிறகு லண்டனிலை இருக்கிற கல்லுகளுக்கெல்லாம் பெயர் வைப்பம்.”

நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலை யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் போயிருந்தேன்.

திங்கட்கிழமை

டென்சில் வழக்கமாக எட்டரைக்கு வருவார். நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். அவர் வருமுன் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் மெழுகு குளிரில் இறுகியிருந்தது. முதற் பெயரைக் கிளப்பவே நேரம் பிடித்தது. அவர் வந்தார், என்னைப் பார்த்தார், எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“எழுத்து ஆதாரம் இல்லை,” என்றேன் திரும்பாமல்.

“அக்கா சொன்னதை நீர் கேட்டனீர்தானே?”

“கேட்டேன்.”

“அப்ப ஆர் சாட்சி?”

கோப்பையை மேசை ஓரத்தில், படலத்தில் சிந்தாத தூரத்தில் கவனமாக வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அன்று முழுவதும் எனக்குப் பின்னால் அவருடைய பேனா கீறும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பட்டிகளையும் கிளப்பினேன். ஒட்டிய மெழுகைப் பஞ்சால் துடைத்தேன். கடல் வெறுமையாயிற்று. பிறகு, துறை இருந்த இடத்தில் ‘ஸ்மக்ளர்ஸ் கோவ்’ என்ற பட்டியை வைத்துத் தேய்த்தேன். அதற்குரிய பச்சை அட்டையில், எழுத்து ஆதாரம் பார்க்கப்பட்டது என்று எழுதிச் சுருக்கொப்பமும் இட்டேன். கொடுத்தவரின் இடத்திலும் என் எழுத்துகள். சரிபார்த்தவரின் இடத்திலும் என் எழுத்துகள். அது ஒழுங்குக்கு விரோதம். மிஸ்டர் ஆஷ் கவனிக்கவில்லை.

அன்று தொடக்கம் டென்சில் என்னை ‘மிஸ்’ என்று அழைத்தார். மரியாதையாக, எந்தக் குறையும் இல்லாமல். சப்பாத்துப் பெட்டி அவருடைய அலுமாரியிலிருந்து வீட்டுக்குப் போயிற்று.

கடிதம் வந்தது. ‘ஒழுங்கு தவறாதவர்’ என்றே எழுதியிருந்தது. அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. சூசை அண்ணையின் பதினாறு பெயரையும் காட்டி நான் பேசினேன். கவுன்சிலிலிருந்து வந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குரலில் எந்தத் தளர்வும் இருக்கவில்லை. மேடையில் நின்றபோது டென்சிலை நினைத்தேனா என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

பாடிங்டன் நிலையம்

சில வருடங்களில் எனக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. வரைபட வேலையை விட்டு, நியூஹாமில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கப் போனேன். அந்தத் தாள் மூன்று பதிப்புகள் கண்டது. ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேச என்னை அழைப்பது நிற்கவில்லை. நானும் போவதை நிறுத்தவில்லை. சொல்லும் ஆள் இருக்கையில் எழுத்தைக் கேட்பது பற்றிய அந்த வசனத்தை எத்தனை மண்டபங்களில் சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு பிற்பகல், பாடிங்டன் நிலையத்தில் டென்சிலைக் கண்டேன். மேற்கே போகும் ரயிலின் அறிவிப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கழுத்துப்பட்டி. மெலிந்திருந்தார். என்னைத் தெரியாதவர்போல் போயிருக்கலாம், போகவில்லை.

“ரோஸ் போயிட்டா,” என்றார். “மூண்டு கிழமையாச்சு. வீட்டை ஒதுக்கப் போறன்.”

“திடீரென்றா?” என்றேன்.

“நான் அங்க நிண்ட நேரம். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் எடுத்தன். போர்த் மோரன் எண்டு சொன்னன். எடுத்த பிள்ளைக்கு அது எங்கையெண்டு தெரியேல்லை. மூண்டு தரம் சொன்னன். பிறகு மேப்பில இருக்கிறதைச் சொன்னன். உடன விளங்கிற்று.”

“நேரத்துக்கு வந்தார்களா?”

“ஓம், ஓம். அதில பிழை சொல்ல ஏலாது. அவவுக்கு நேரம் வந்திட்டுது, அவ்வளவுதான். ஆனா அவை வந்தவை. உம்மட பெயர் வேலை செய்தது.”

அவர் குரலில் குத்தல் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மேற்சட்டையின் உட்பையிலிருந்து நான்காய் மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். மரணப் பதிவு. இறந்த இடம் என்ற கட்டத்தைப் பெருவிரலால் காட்டினார். ‘ஸ்மக்ளர்ஸ் கோவ்’ என்று மையில் எழுதியிருந்தது.

“பதிவாளரிட்டயும் சொன்னன். அவர் மேப்பைத் திறந்து பார்த்தார். அதில இல்லாத இடத்தில ஆக்கள் சாக ஏலாதாம்.” தாளை மறுபடி மடித்தார். “இப்ப இதுவும் எழுத்து ஆதாரந்தானே, மிஸ்?”

ரயிலை அறிவித்தார்கள். அவர் தொப்பியைத் தொட்டு விடைபெற்று, கூட்டத்தோடு ரயில் மேடையில் நடந்து போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே இடமிருந்தது, நேரமும் இருந்தது.

அடுத்த ஞாயிறு சவுத்தாலில் ஒரு கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். டென்சிலைக் கண்ட அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, வரவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு எங்கள் ஊர்ப்பெயர்களைப் பற்றி எந்த மேடையிலும் நான் பேசியதில்லை.